மூணு வருஷம் முந்தைய ரிலீஸை இன்று திரும்ப பில்ட் பண்ண: நெக்ஸஸ் (லைப்ரரிகளைச் சேமித்துத் தரும் சர்வர்) பேக்கப் மட்டும் போதுமா?

பெல்லந்தூர்_பில்ட்

வணக்கம். பெங்களூரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் உள்ள ஒரு கம்பெனியில் பில்ட் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். சுமார் 60 டெவலப்பர்கள். ஜாவா சர்வீஸ்கள் மேவன் என்ற பில்ட் டூலில், வெப் பகுதி நோடில், ரிப்போர்ட் பகுதி பைத்தான் 3.9இல். பில்டைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் ஏஜென்ட்கள் ஆபீஸ் சர்வர் ரூமிலேயே இருக்கின்றன.

மும்பையில் ஒரு புரோக்கிங் நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். செபியின் 2024 சைபர் பாதுகாப்பு விதிமுறை வந்த பிறகு எஸ்பாம் (மென்பொருளில் உள்ள பாகங்களின் பட்டியல்) கேட்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, அதை உருவாக்கும் சிஃப்ட் டூலை ஓட்டிக் கொடுத்துவிடலாம். இந்த முறை ஆடிட்டில் கூடுதலாக ஒரு கேள்வி: "இதுவரை கொடுத்த எந்த வெர்ஷனையும் இணையத்தை நம்பாமல் திரும்ப பில்ட் செய்து காட்ட முடியுமா?"

இப்போதைய நிலை: ஒரு விஎம்மில் நெக்ஸஸ் 3. மேவன் சென்ட்ரல், என்பிஎம், பைபிஐ (ஜாவா, நோட், பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்குகள்) மூன்றுக்கும் ப்ராக்ஸி. ப்ளாப் ஸ்டோர் (நெக்ஸஸ் பைல்களை வைக்கும் இடம்) 340 ஜிபி, அதே விஎம்மின் டிஸ்க்கில். தினமும் இரவு விஎம் ஸ்னாப்ஷாட். 90 நாள் யாரும் டவுன்லோட் செய்யாததை அழிக்கும் கிளீனப் பாலிசி உண்டு.

டீம் லீட் "நெக்ஸஸ் இருக்கே, அதுதான் பேக்கப்" என்கிறார். இன்னொரு டீம் எல்லாவற்றையும் கிட்டில் போட்டுவிடலாம் என்கிறது. எது சரி? எதை எதை எடுத்து வைக்க வேண்டும்?

ஜெயநகர்_ஜார்

முதலில் அந்த 90 நாள் பாலிசியை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் இதுதான். கடைசியாக டவுன்லோட் ஆன தேதி என்று நெக்ஸஸ் வைத்திருப்பது, தன்னிடம் வந்து கேட்ட தேதியை மட்டும். ஜென்கின்ஸ் ஏஜென்ட்டில் எம்2 ஃபோல்டர் (மேவனின் லோக்கல் கேஷ்) நிலையாக இருந்தால், ஒரு ஜார் (ஜாவா லைப்ரரி பைல்) அங்கே ஒருமுறை இறங்கிய பிறகு நெக்ஸஸை யாரும் கேட்கப்போவதில்லை. தினமும் பில்டில் போகும் ஜார்தான், ஆனால் நெக்ஸஸ் கணக்கில் மூன்று மாதமாக யாரும் தொடாதது. அழித்துவிடும். ஏஜென்ட்டை மாற்றும் நாளில் நெக்ஸஸ் திரும்ப மூலத்தில் போய்க் கேட்கும். அங்கேயும் இல்லையென்றால் கதை முடிந்தது. அழித்தது டிஸ்க்கிலிருந்து உடனே போய்விடாது, காம்பாக்ட் ப்ளாப் ஸ்டோர் டாஸ்க் ஓடும்போதுதான் போகும். அதனால் அந்த டாஸ்க்கையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஸ்னாப்ஷாட் வகை ரிப்போவுக்கு (ரிலீஸ் ஆகாத இடைக்கால பில்ட்கள் இருப்பது) கிளீனப் இருக்கட்டும், ப்ராக்ஸிக்கும் ரிலீஸுக்கும் வேண்டாம்.

மூலத்தில் எப்படி இல்லாமல் போகும் என்று லீட் கேட்பார். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க பில்ட் நின்றது. அதன் பிறகு என்பிஎம் விதியை இறுக்கியது, வெளியிட்டு 72 மணி நேரம் தாண்டினால் சும்மா எடுக்க முடியாது. பைபிஐயில் வெளியிட்டவர் தன் வெர்ஷனை இன்றும் அழிக்கலாம். பின்ட்ரே என்ற பேக்கேஜ் தளம் 2021 மே 1ஆம் தேதி மூடியது. அதன் ஜாவா கிடங்கான ஜேசென்டர் கொஞ்ச காலம் படிக்க மட்டும் இருந்தது, 2024 ஆகஸ்டிலிருந்து எல்லாக் கோரிக்கையும் மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஜேசென்டரில் மட்டுமே இருந்த பழைய ஆண்ட்ராய்டு லைப்ரரிகள் அத்தோடு போயின.

ப்ராக்ஸி என்பது கேஷ். யாராவது கேட்டது மட்டும் இருக்கும், அதுவும் நீங்கள் அழிக்காதவரை. இதில் இன்னொரு நுணுக்கம்: பைல் உங்கள் ப்ளாப் ஸ்டோரில் பத்திரமாக இருந்தாலும், இண்டெக்ஸை (எந்தெந்த வெர்ஷன் உண்டு என்ற பட்டியல்) நெக்ஸஸ் மெட்டாடேட்டா வயது 1440 நிமிடம் தாண்டியதும் மூலத்திலிருந்து புதுப்பிக்கும். மூலத்தில் எடுத்துவிட்டால் புது இண்டெக்ஸில் அந்த வெர்ஷன் இருக்காது. பிப் (பைத்தானின் இன்ஸ்டால் டூல்) இண்டெக்ஸைப் பார்த்துத்தான் எடுக்கும் என்பதால் "கிடைக்கவில்லை" என்று நிற்கும். என்பிஎம் சிஐ கட்டளை, லாக் ஃபைலில் (பதிப்புகளைப் பூட்டி வைக்கும் பட்டியல்) உள்ள முகவரிக்கு நேராகப் போவதால் தப்பிக்கும்.

அடுத்து ஸ்னாப்ஷாட். நெக்ஸஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த விஎம் ஸ்னாப்ஷாட்டில் டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். ரீஸ்டோர் செய்தபின் நெக்ஸஸ் எழவே மறுக்கும். சரியான வரிசை: முதலில் டேட்டாபேஸ், பிறகு ப்ளாப் ஸ்டோர். நெக்ஸஸின் டேட்டாபேஸ் எச்2 என்றால் அதற்கான பேக்கப் டாஸ்க் நெக்ஸஸிலேயே உண்டு, போஸ்ட்கிரெஸ் என்றால் வழக்கமான டம்ப். இந்த வரிசையில் எடுத்தால் டேட்டாபேஸ் சொல்லும் ப்ளாப் எல்லாம் காப்பியில் கட்டாயம் இருக்கும். கூடுதலாக வந்த ப்ளாப்களை ரிப்பேர் வகையில் உள்ள ரீகன்சைல் டாஸ்க் சேர்த்துக்கொள்ளும். தலைகீழாக எடுத்தால் டேட்டாபேஸில் பெயர் இருக்கும், பைல் இருக்காது. இன்னும் ஓரியன்ட் டேட்டாபேஸிலேயே இருக்கிறீர்கள் என்றால் 3.70தான் கடைசி, அதிலிருந்து மாறிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

ப்ளாப் ஸ்டோரை வெறும் ஃபோல்டராகக் காப்பி எடுத்தால் போதாதா என்றால், உள்ளே திறந்து பாருங்கள். ஸ்பிரிங்-கோர் என்ற பெயரில் ஒரு பைலும் இருக்காது. நீளமான ஐடி பெயரில் ஒரு பைட்ஸ் பைல், பக்கத்தில் அதே பெயரில் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் பைல். எந்த ரிப்போ, எந்த ஜார் என்ற விவரம் அந்த ப்ராப்பர்ட்டீஸுக்குள்தான். ஸ்கிரிப்ட் எழுதி மீட்கலாம், ஆனால் ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது செய்யக்கூடிய வேலை இல்லை.

எனவே நெக்ஸஸ் பேக்கப் அன்றாட வேலைக்கு. ஆடிட் கேள்விக்குத் தேவை, பில்டுக்கு வேண்டியதெல்லாம் சேர்த்து ரிலீஸுக்கு ஒரு மூட்டை. நெக்ஸஸே இல்லாவிட்டாலும் பில்ட் ஆக வேண்டும். மேவனுக்கு முறை:

ரிலீஸ் டேகை எடுத்து, காலியான ஒரு ஃபோல்டரை லோக்கல் ரிப்போவாகக் கொடுத்து, டெஸ்ட் உட்பட வெரிஃபை வரை முழு பில்டையும் ஓட்டுங்கள். டிபென்டென்சி ப்ளகினின் கோ-ஆஃப்லைன் கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். டெஸ்ட்களை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் ப்ளகின் தனக்கு வேண்டிய ஜேயூனிட் ப்ரொவைடரை ஓடும் நேரத்தில்தான் இழுக்கும், கோ-ஆஃப்லைனுக்கு அது தெரியாது. இப்போது அந்த ஃபோல்டரில் இருப்பதுதான் உங்கள் உண்மையான டிபென்டென்சி பட்டியல், ப்ளகின்கள் உட்பட. அத்தோடு அன்று பயன்படுத்திய ஜேடிகே, மேவன் இரண்டின் டார் பைலையும் சேர்க்க வேண்டும். மேவனை ஏன் என்றால், பாமில் (மேவனின் ப்ராஜெக்ட் அமைப்பு பைல்) பதிப்பு எழுதாத ப்ளகின்களுக்கு எந்தப் பதிப்பு என்பதை மேவனே முடிவு செய்கிறது, மேவன் மாறினால் அதுவும் மாறும். மேலும் 3.8.1 முதல் எச்டிடிபி முகவரியுள்ள ரிப்போக்களை மேவன் தடுக்கும். பழைய பாமில் அப்படி ஒன்று ஒளிந்திருந்தால் புது மேவனில் பில்ட் விழும்.

மூட்டையை வேறு மெஷினில் விரித்து ஆஃப்லைன் ஆப்ஷனோடு ஓட்டினால் பெரும்பாலும் ஒரு விசித்திரப் பிழை வரும்: ஜார் கண்ணெதிரே இருக்கும், மேவன் இல்லை என்று சாதிக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரிமோட் ரிப்பாசிட்டரீஸ் என்று அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு சின்ன பைல் இருக்கும். எந்த ஐடி உள்ள ரிப்போவிலிருந்து வந்தது என்ற குறிப்பு அது. செட்டிங்ஸில் மிரர் ஐடி மாறியிருந்தால் மேவன் அந்த ஜாரை ஏற்காது. மூட்டை கட்டும்போதே அந்த பைல்களை எல்லாம் அழித்துவிடுங்கள்.

சக்கரம்_வீல்

பைத்தான் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ரிக்வயர்மென்ட்ஸ் பைலில் நேரடி லைப்ரரிகளுக்கு மட்டும் பதிப்பு எழுதியிருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிப்-கம்பைலை ஹாஷ் ஆப்ஷனோடு ஓட்டி, உள்ளடங்கியது எல்லாவற்றுக்கும் பதிப்பும் ஷா256 ஹாஷும் (பைலின் கைரேகை மாதிரி) வரும்படி செய்யுங்கள். பிறகு பிப் டவுன்லோட் கொடுத்து வீல்களை (இன்ஸ்டாலுக்குத் தயாரான பேக்கேஜ்கள்) ஒரு ஃபோல்டரில் இறக்குங்கள். இதை மேக் லேப்டாப்பில் செய்தால் மேக்குக்கான வீல்தான் இறங்கும், சர்வரில் ஏறாது. பில்ட் ஆகும் அதே டாக்கர் இமேஜுக்குள் (ஓஎஸ், டூல்கள் அடங்கிய தயார் சூழல்) செய்வதே நல்லது.

வழக்கமாக உதைப்பது வீல் இல்லாமல் சோர்ஸ் டார் மட்டும் உள்ள பேக்கேஜ். அதை இறக்கி வைத்துவிட்டோம் என்று நினைப்போம். நோ-இண்டெக்ஸ் போட்டு இன்ஸ்டால் செய்யும்போது பிப் ஒரு தனி சூழல் உருவாக்கி, அதில் செட்டப்டூல்ஸைப் போடப் பார்க்கும், நெட்டுக்குப் போக முடியாததால் உங்கள் ஃபோல்டரில் மட்டும் தேடும், கிடைக்காமல் விழும். பிப் டவுன்லோட் அதை உங்கள் ஃபோல்டரில் வைத்திருக்காது. ஆகவே அப்படிப்பட்டதை பிப் வீல் கட்டளையால் முன்கூட்டியே வீலாக்கி, அந்த வீலை வையுங்கள். ஒன்று கவனம்: நீங்கள் உருவாக்கிய வீலின் ஹாஷ் பைபிஐ ஹாஷோடு பொருந்தாது, லாக் பைலில் உங்கள் ஹாஷைச் சேர்க்க வேண்டும்.

பைத்தான் 3.9க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. நம்பை 2.1 முதல் 3.9க்கு வீலே கிடையாது. உங்கள் மூட்டையில் 3.9 இன்டர்ப்ரெட்டரும் இருக்கட்டும்.

எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ் ஆப்ஷன் எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு இண்டெக்ஸில் எதற்கு முன்னுரிமை என்பது பிப்புக்குக் கிடையாது, பெரிய பதிப்பு எண் எதுவோ அதை எடுக்கும். கம்பெனியின் உள் பேக்கேஜ் பெயரில் வெளியே ஒருவன் 99.0 என்று போட்டால் அதுதான் உள்ளே வரும். 2021இல் அலெக்ஸ் பிர்சான் பெரிய பெரிய கம்பெனிகளில் செய்து காட்டியது இதைத்தான். நெக்ஸஸ் குரூப் (பல ரிப்போக்களை ஒன்றாகக் காட்டுவது) முகவரி ஒன்றே இண்டெக்ஸாக இருக்க வேண்டும், உள் பெயர்கள் வெளியே போகாதபடி ரவுட்டிங் ரூலும் போட வேண்டும்.

பழைய_சிவிஎஸ்

ஜார் அண்ணா சொன்னதில் தப்பில்லை, ஆனால் கிட்டில் போடுவதை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். கோ மொழியில் வெண்டர் ஃபோல்டரை (டிபென்டென்சிகளின் சோர்ஸ் காப்பி) கமிட் செய்வது முறையான வழக்கம். எல்லாம் டெக்ஸ்ட், ரிவ்யூவில் என்ன மாறியது என்று கண்ணால் பார்க்கலாம். கோ மாட் பைலில் 1.14 அல்லது மேலே இருந்தால் டூலே தானாக வெண்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். சின்ன சி லைப்ரரிகளுக்கும் இதுவே சுலபம்.

நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை (என்பிஎம் லைப்ரரிகள் இறங்கும் இடம்) கிட்டில் போடாதீர்கள். பல்லாயிரம் குட்டி பைல்கள், உள்ளே அந்தந்த ஓஎஸ்ஸுக்கு கம்பைல் ஆன பைனரி வேறு. லினக்ஸில் கமிட் செய்தது மேக்கில் ஓடாது. ஜார்களைப் போட்டால் அழித்த பிறகும் ஹிஸ்டரியில் தங்கும், ஒவ்வொரு க்ளோனும் அதைச் சுமக்கும். கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேற்பட்ட பைல் ஏறவும் ஏறாது. லாக் ஃபைல் மட்டும் கிட்டில் கட்டாயம். அதை கிட்இக்னோரில் போட்டு வைத்திருக்கும் டீம்கள் இன்னும் உண்டு, உங்களிடமும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கிய லைப்ரரிகளை யாரும் பேசவில்லை. சப்போர்ட் ஒப்பந்தம் முடிந்தால் வெண்டர் போர்ட்டல் லாகின் போய்விடும், பழைய இன்ஸ்டாலர் கிடைக்காது. ஒப்பந்தம் இருக்கும்போதே இன்ஸ்டாலர், லைசென்ஸ் கீ, எந்த இன்வாய்ஸில் வாங்கியது என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்து நெக்ஸஸின் ரா ரிப்போவில் (எந்த பைலையும் வைக்கலாம்) ஏற்றுங்கள். லைசென்ஸ் சர்வரை நெட்டில் தொடும் டூல் என்றால் ஆஃப்லைன் ஆக்டிவேஷன் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சின்ன வெண்டர், அவர்கள் லைப்ரரி இல்லாமல் பிராடக்டே இல்லை என்றால் சோர்ஸ் எஸ்க்ரோ ஒப்பந்தம் (சோர்ஸை மூன்றாம் ஆளிடம் பாதுகாப்பாக வைப்பது) பற்றி உங்கள் லீகல் ஆட்களிடம் பேசுங்கள்.

கண்டெய்னர்_கடை

எல்லாரும் லைப்ரரியிலேயே நின்றுவிட்டீர்கள். திரும்ப பில்ட் செய்யும்போது முதலில் விழுவது டாக்கர்ஃபைலின் முதல் இரண்டு வரிதான்.

டாக்கர் இமேஜின் டேகை (பதிப்புப் பெயர்) நம்பக்கூடாது. பைத்தான் 3.9-ஸ்லிம் என்பது இன்று ஒன்று, அடுத்த மாதம் வேறு. ஷா256 டைஜஸ்ட்டை (இமேஜின் ஹாஷ்) எழுதுங்கள். அந்த டைஜஸ்ட்டும் டாக்கர் ஹப்பில் (இமேஜ்களின் பொதுக் கிடங்கு) காலாகாலத்துக்கும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, இமேஜை உங்கள் ரெஜிஸ்ட்ரிக்கு இழுத்து வையுங்கள். இழுக்க ஸ்கோப்பியோ டூலின் காப்பி கட்டளையை, டைஜஸ்ட்டைப் பாதுகாக்கும் ஆப்ஷனோடு பயன்படுத்துங்கள். டாக்கர் சேவ் எடுத்து லோட் செய்து திரும்ப புஷ் பண்ணினால் லேயர் சுருக்கம் மாறி டைஜஸ்ட் வேறாகிவிடலாம். அப்புறம் டாக்கர்ஃபைலில் எழுதியதோடு ஒத்துப்போகாது.

இன்னொரு காரணத்துக்காகவும் உள் ரெஜிஸ்ட்ரி வேண்டும். டாக்கர் ஹப் 2020 நவம்பரில் லாகின் இல்லாதவர்களுக்கு ஒரு ஐபிக்கு ஆறு மணி நேரத்தில் 100 புல் (இமேஜ் டவுன்லோட்) என்று வரம்பு வைத்தது. ஆபீஸில் எல்லாரும் ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால். 60 பேரும் ஏஜென்ட்களும் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே 429 (வரம்பு தாண்டியது) பிழை வரும்.

அடுத்த வரி ஏபிடி-கெட் அப்டேட், ஓஎஸ் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிப்பது. அன்றைய நிலையை டெபியன் ஸ்னாப்ஷாட் தளத்தில் தேதி போட்டு எடுக்கலாம். ஆனால் ரிலீஸ் பைலின் காலாவதி தேதி தாண்டியிருக்கும், ஏபிடி மறுக்கும். செக்-வேலிட்-அன்டில் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் போகும். ஆல்பைனில் பதிப்பு எண்ணைப் பின் செய்வது வீண். அந்த ரிப்போவில் பெரும்பாலும் கடைசிப் பதிப்பு மட்டும்தான் இருக்கும், பழையது காணாமல் போகும். சென்ட்ஓஎஸ் 7 அடிப்படையில் எதாவது இருந்தால், 2024 ஜூன் 30க்குப் பிறகு அதன் மிரர் லிஸ்ட் வேலை செய்யாது, வால்ட் முகவரிக்கு (பழைய பதிப்புகளின் சேமிப்பகம்) மாற்ற வேண்டும். இத்தனை சர்க்கஸ் வேண்டாம் என்றால் ஓஎஸ் பேக்கேஜ், ஜேடிகே, நோட், பைத்தான் எல்லாம் ஏற்றிய ஒரு பில்டர் இமேஜைத் தனியாகச் செய்து, அதை மட்டும் டைஜஸ்ட்டோடு பாதுகாத்தால் போதும். என் ஓட்டு அதற்குத்தான்.

கிட்ஹப் தானாக உருவாக்கும் சோர்ஸ் டார் பைலுக்கு செக்சம் எழுதி வைக்காதீர்கள். 2023 ஜனவரி 30 அன்று அவர்கள் பக்கம் சுருக்கும் முறை மாறியதால் உள்ளே ஒரு எழுத்தும் மாறாமலே ஹாஷ் மாறி, பேஸல், ஹோம்ப்ரூ பில்ட்களெல்லாம் விழுந்தன. பிறகு பழையபடி ஆக்கினார்கள். வேண்டிய டாரை ஒருமுறை இறக்கி உங்களிடமே வையுங்கள்.

பெல்லந்தூர்_பில்ட்

எல்லாருக்கும் நன்றி. பாலிசியை நிறுத்திவிட்டேன், காம்பாக்ட் டாஸ்க்கையும்தான். இரண்டு சந்தேகம். நோட் பக்கம் என்பிஎம் கேஷை எடுத்து வைத்தால் போதுமா? ஒவ்வொரு ரிலீஸுக்கும் மூட்டை என்றால் இடம் எவ்வளவு ஆகும், எங்கே வைப்பது? ரோட்டைத் தோண்டி ஃபைபர் போனாலும் பில்ட் ஓட வேண்டும், அதனால் முழுக்க கிளவுடிலும் வைக்க முடியாது.

ஜெயநகர்_ஜார்

நோடுக்கு: காலி கேஷ் ஃபோல்டர் கொடுத்து என்பிஎம் சிஐ ஓட்டுங்கள், அந்த ஃபோல்டரே மூட்டை. அடுத்த முறை அதே கேஷோடு ஆஃப்லைன் ஆப்ஷன். லாக் ஃபைலில் ஷா512 இருப்பதால் பைல் மாறியிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

போதுமா என்றால், போதாது. போஸ்ட்-இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்கள் என்பிஎம் ரெஜிஸ்ட்ரிக்கு வெளியே போய் பைனரி இழுக்கும். சைப்ரஸ் தன் சொந்தத் தளத்திலிருந்து, பப்பெட்டியர் கூகிள் ஸ்டோரேஜிலிருந்து க்ரோமை, பழைய நோட்-சாஸ் கிட்ஹப் ரிலீஸிலிருந்து. நோட்-ஜிப் ஹெடர் பைல்களுக்காக நோட் தளத்துக்கே போகும். எதுவும் நெக்ஸஸ் வழியாக வராது, என்பிஎம் கேஷிலும் இருக்காது. பெரும்பாலானவற்றுக்கு முகவரியை மாற்றவோ டவுன்லோடைத் தவிர்க்கவோ என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு. பைனரியை ரா ரிப்போவில் ஏற்றி அங்கே திருப்பிவிடுங்கள்.

இப்படி யார் யார் வெளியே ஓடுகிறார்கள் என்று ஒவ்வொரு பேக்கேஜாகப் படிக்க வேண்டியதில்லை. ஏஜென்ட்களுக்கு வெளியே போகும் வழியை ஃபயர்வாலில் மூடி, நெக்ஸஸ் ஒன்றுக்கு மட்டும் திறந்து வைத்து, தடுக்கப்பட்ட முகவரிகளின் லாகை (பதிவை) பாருங்கள். அந்த லாக்தான் செய்ய வேண்டிய வேலைப் பட்டியல். மூட்டையைச் சோதிக்க நெட்வொர்க் நன் ஆப்ஷனோடு கண்டெய்னர், அதற்குள் முழு பில்ட். ரிலீஸ் பைப்லைனின் கடைசிப் படியாக இதைச் சேருங்கள், விழுந்தால் ரிலீஸ் கிடையாது. ஆடிட்டரிடம் காட்டவும் அந்த ஜென்கின்ஸ் லாகே போதும்.

வாடிக்கையாளரிடம் ஒன்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: "திரும்ப பில்ட்" என்றால் அதே சோர்ஸில் வேலை செய்யும் ஜாரா, பைட்டுக்கு பைட் அதே ஜாரா? இரண்டாவது என்றால் பாமில் அவுட்புட் டைம்ஸ்டாம்ப் ப்ராப்பர்ட்டி நிலையாக இருக்க வேண்டும், ஏற்கெனவே வெளியான ரிலீஸ்களுக்கு அது பெரும்பாலும் நடக்காது. கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

மூட்டையில் பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய லாக்4ஜே (ஜாவா லைப்ரரி) இருக்கத்தான் செய்யும். ஸ்கேனர் கத்துகிறது என்று அதை மூட்டையிலிருந்து அழித்தால் அந்த ரிலீஸை பில்ட் செய்ய முடியாது. மூட்டைகள் தனி இடத்தில், டெவலப்பர்களின் குரூப்பில் சேராமல் இருக்கட்டும். அன்றாட ப்ராக்ஸியில் தடை போடுங்கள். எதிர்த்திசையிலும் ஒரு தடை நல்லது: வெளியான அன்றே புதுப் பதிப்பை உள்ளே விடாதீர்கள். 2025 செப்டம்பரில் என்பிஎம்மில் சாக், டீபக் பேக்கேஜ்களின் கெட்ட பதிப்புகள் சில மணி நேரத்தில் எடுக்கப்பட்டன, இரண்டு நாள் தாமதித்திருந்தாலே தப்பித்திருக்கலாம். என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் டூலில் குறைந்தபட்ச வயதை நிமிடக் கணக்கில் சொல்லும் வசதி 10.16 முதல் உண்டு.

இடம் பற்றிப் பயப்படாதீர்கள். அடுத்தடுத்த ரிலீஸ்களில் பெரும்பாலான ஜார்கள் ஒன்றேதான். ரெஸ்டிக் மாதிரி ஒரே துண்டை ஒருமுறை மட்டும் வைக்கும் டூலில் போட்டால் முதல் மூட்டைதான் பெரிது. ஜார்களை ஒரே டாராகச் சுருக்கி ரெஸ்டிக்கில் போடாதீர்கள், சுருக்கினால் துண்டுகள் பொருந்தாது. ஃபோல்டராகவே கொடுங்கள்.

ஒரு காப்பி ஆபீஸில், நெக்ஸஸ் விஎம் இருக்கும் டிஸ்க்கில் இல்லாமல் தனி என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க் வழி டிஸ்க்). ஃபைபர் போன அன்று அதுவும் நெக்ஸஸும் போதும். இன்னொன்று அமேசான் கிளவுடின் எஸ்3 மும்பை ரீஜனில், தேவைப்பட்டால் ஹைதராபாத்துக்கு ரெப்ளிகேஷன். ரெஸ்டிக் பாஸ்வேர்டை நெக்ஸஸ் விஎம்மிலேயே மட்டும் வைத்துவிடாதீர்கள். எஸ்3இல் ஆப்ஜெக்ட் லாக் (காலக்கெடு வரை அழிக்க விடாத பூட்டு) போடுவது நல்லது, ரான்சம்வேர் வந்தாலும் அழிக்க முடியாது. ஆனால் கம்ப்ளையன்ஸ் மோடில் வைத்த காலத்தை ரூட் அக்கவுன்ட்டாலும் குறைக்க முடியாது. ஏழு வருஷம் என்று தெரியாமல் போட்டுவிட்டால் ஏழு வருஷமும் பில் வரும். முதலில் கவர்னன்ஸ் மோடில், சில நாள் காலக்கெடுவோடு ஒரு மூட்டையை ஏற்றி, ரெஸ்டிக் தற்காலிகமாக எழுதும் லாக் (பூட்டு) பைல்கள் அதில் சிக்குகின்றனவா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.